யா மரத்துக்கு யார் பொறுப்பு?

பாரிவாக்கத்தில் இருந்துகொண்டு நாகசுரத்துக்கான மரத்தைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமற்ற காரியமாகச் சிலருக்குப் படலாம். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே கிடக்கும் இந்தப் புறநகருக்கும் காவிரிக் கரைக்கும் என்ன தொடர்பு? ஊர்ப்பெயரிலே ஒரு பாரி இருக்கிறான். நீண்ட உடலுடைய நாகசுரத்துக்கும் பாரி என்றே பெயர். இந்தப் பெயரொற்றுமையின் மேல் எந்தக் கோட்டையும் கட்டுவதாக எங்களுக்கு உத்தேசமில்லை. எங்களைத் தூண்டியது வேறு. முகூர்த்த நாள்களில் இங்குள்ள மண்டபங்களிலிருந்து எழும் கெட்டிமேளம் பல வேளைகளில் ஒலிப்பெட்டியிலிருந்துதான் எழுகிறது. வாசிக்க ஆள் வந்திருந்தாலும், தாலி ஏறிய சற்று நேரத்துக்கெல்லாம் மெல்லிசைக் குழுவுக்கு இடம்விட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். இதைப் பற்றி நண்பர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் ஒரே பல்லவி: ரசிகர்கள் குறைந்துவிட்டார்கள், சபாக்கள் மதிப்பதில்லை, வித்வான்களின் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். எல்லாம் உண்மையே. ஆனால் இந்தப் புலம்பலில் ஒரு பொருள் மட்டும் ஒருபோதும் இடம்பெறுவதில்லை. அது மரம். கேட்பவர் நாளையே திரும்பி வரலாம், வாசிப்பவர் பத்தாண்டுகளில் உருவாகலாம். மரம் அப்படி வராது. அதற்கு ஒரு மனித ஆயுளாவது வேண்டும்.

2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் வழியில், ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் இடையில் இருக்கிற சிற்றூர் அது. திருவாவடுதுறை கூப்பிடு தொலைவு என்றே சொல்லலாம். டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் காலத்தில் இவ்வூர் ரங்கநாதன் ஆசாரி செய்த காரியம் இசை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரியே பெருவழக்காக இருந்த நிலை மாறி, தாழ்ந்த சுருதியில் கனத்து ஒலிக்கும் பாரி நாகசுரம் வந்தபோது, அதில் சுத்த மத்திமம் சரியாக விழவில்லை என்ற குறை இருந்தது. அந்தக் குறையை நீக்கிய பாரியை 1955ஆம் ஆண்டு ராஜரத்தினம் பிள்ளைக்காக அவர் செய்து கொடுத்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் பிள்ளை மறைந்தார். தோடியைப் பேசும்போதெல்லாம் ராஜரத்தினம் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் நம்மால் இருக்க முடிவதில்லை. அந்த மத்திமத்துக்கு இடம் பார்த்துத் துளையிட்ட கை யாருடையது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்?

சரி, மரத்துக்கு வருவோம். நாகசுரத்தின் உடல் ஆச்சா மரத்தால் ஆவது. (சங்க இலக்கியம் பயின்றவர்களுக்கு இந்த மரம் வேறொரு பெயரில் பழக்கம். குறுந்தொகையின் 37ஆம் பாட்டில், பிடியின் பசியைத் தீர்க்க விரும்பிய களிறு எந்த மரத்தின் பட்டையை உரிக்கிறதோ அந்த யா மரமே ஆச்சா என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ.) இந்த அடையாளம் எங்களுக்குப் பிடித்துப் போனதற்கு இலக்கியக் காரணம் மட்டுமில்லை. ஆச்சாவின் பட்டை நார் மிகுந்தது. கிராமத்தார் அதைக் கயிறாகத் திரித்திருக்கிறார்கள். தழையைக் கால்நடைகளுக்கு ஒடித்துப் போடுவார்கள். வேறு பசுமை இல்லாத வறள் நிலத்தில் யானை அதன் பட்டையை நாடும் என்பது கவிஞனின் கற்பனை மட்டுமாக இருக்க முடியாது. பார்த்தவன் சொன்ன சொல்லாகத்தான் படுகிறது. சேலம், தருமபுரி, ஈரோடு பக்கத்து வறண்ட காடுகளில் இன்றும் இம்மரம் நிற்கிறது. அதாவது நாகசுரத்தின் ஊர் நெல்வயலும் வாய்க்காலும் சூழ்ந்த மருதம். நாகசுரத்தின் மரமோ பாலை. இந்த முரணை இசை எழுத்தாளர்கள் யாரும் பெரிதாக எடுத்துப் பேசியதாக எங்கள் கண்ணில் படவில்லை.

தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் ஹார்ட்விக்கியா பைனாட்டா. வில்லியம் ராக்ஸ்பரோ, தாமஸ் ஹார்ட்விக் என்ற படை அதிகாரியின் நினைவாக வைத்தது. பைனாட்டா என்றால் இரட்டை. ஒரு காம்பில் இரண்டே சிற்றிலைகள், ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். அந்தப் பேரினத்தில் இது ஒன்றுதான் இனம். புளிய மரம் இதற்குச் சற்று நெருங்கிய சொந்தம். காயின் நுனியில் ஒற்றை விதை, மீதியெல்லாம் காற்றில் பறக்கச் சிறகு. ஆண்டுதோறும் நன்றாகக் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் விதை பெருகும். முளைத்த கன்று மேலே வளர அவசரப்படாது. முதலில் ஆணிவேரை ஆழ இறக்கும். பாறை இடுக்கிலும் வேர் போய்விடும். மேலே ஒரு முழம் இருக்கும்போது கீழே எவ்வளவு இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாற்றங்கால்காரர்களுக்கு இது பிடிக்காது. பிளாஸ்டிக் பையில் வளர்க்கும் கன்று சீக்கிரமே பையின் அடியைத் துளைக்கும், இல்லையேல் வேர் சுருண்டு கெடும். வேகமாக வளர்வதையே மரத்தின் குணமாகக் கருதப் பழகிவிட்ட காலத்தில் இத்தகைய மரத்தை நடுவார் யார்?

இனி ஆசாரியின் கையில் இது படுத்தும் பாட்டைச் சொல்ல வேண்டும். நன்றாக வயிரமேறிய ஆச்சாத் துண்டு நீரில் மூழ்கும். ஒரு கன அடித் தண்ணீரின் எடை 28 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு கன அடி ஆச்சா அதையும் தாண்டி நிற்பதுண்டு. இந்திய மரங்களில் மிகக் கனமானவை, மிகக் கடினமானவை என்று பட்டியலிட்டால் முன்வரிசையில் வரும். தேக்கைப் போல ஆற்றில் தனியே மிதக்கவிட்டுக் கொண்டுபோக முடியாத மரம். வெட்டிய புதிதில் வெளிப்புற வெள்ளைக்கும் உள் வயிரத்துக்கும் வேற்றுமை பளிச்சென்று தெரியும். வயிரம் கருஞ்சிவப்பு; ஊதா சாயல் ஓடும் கீற்றுகளும் உண்டு. நாள் செல்லச் செல்லக் கருமை கூடும்.

கடினம் என்பது மட்டும் தொல்லையாயிருந்தால் நல்ல எஃகு உளியும் பொறுமையும் போதும். தொல்லை நார் ஓட்டத்தில் இருக்கிறது. தேக்கில் நார் பெரும்பாலும் ஒரே திசையில் போகும். இழைப்புளியை அந்தத் திசை பார்த்து ஓட்டினால் சுருள் சுருளாகச் சீவல் எழும். ஆச்சாவில் மரம் வளரும்போதே நார் சில காலம் இடப்பக்கம் சாய்ந்தும், பிறகு சில காலம் வலப்பக்கம் சாய்ந்தும் படர்கிறது. குறுக்கும் நெடுக்கும் பின்னிய பாய் போல. ஒரு கோட்டில் இழைத்துக்கொண்டே போனால், ஒரு விரற்கடை தூரம் வழவழப்பாக வரும், அடுத்த விரற்கடையில் நார் பிய்ந்து குழியாகும். திருப்பி இழைத்தால் முன்பு வழவழப்பாக வந்த இடம் பிய்யும். ஆகவே தடித்த சீவல் எடுக்கவே கூடாது. முடி போல மெல்லியதாகச் சுரண்டிக்கொண்டே போக வேண்டும். உளியின் வாய் விரைவில் மழுங்கும். தேக்கில் அரைநாள் தாங்கும் கூர்மை இங்கே அப்படித் தாங்காது. சாணை பிடிப்பதும் வேலையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஆனால் இந்தப் பின்னலுக்கு ஒரு நற்பயனும் உண்டு. நேர் நார் கொண்ட மரம் ஆப்பு வைத்தால் ஒரே கோட்டில் பிளந்துவிடும். பின்னிய நார் எளிதில் பிளவுக்கு வழிவிடாது. இரண்டரை அடி நீளக் குழலை நடுவில் குடைந்து, சுவரை மெல்லியதாக்கி, அதில் வரிசையாகத் துளைகளும் போட்ட பின் அது நிற்கிறதென்றால், உளியைத் தொல்லைப்படுத்திய அதே பின்னலால்தான் நிற்கிறது.

அடுத்த தொல்லை உலர்வது. எந்த மரமும் ஈரம் போகும்போது சுருங்கும். எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது என்பதில்தான் சங்கடம். வளையங்களின் ஓட்டத்தில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதனால்தான் வெட்டிப் போட்ட அடிமரம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நடுவிலிருந்து வெடிக்கிறது. அடர்த்தியான மரத்தில் உள்ளிருக்கும் ஈரம் வெளியே வர வெகு காலம் பிடிக்கும். மேற்பரப்பு உலர்ந்து இறுகிவிடும், உள்ளே இன்னும் பச்சையாகவே இருக்கும். இந்த இழுபறியில் முகமெல்லாம் மயிரிழை வெடிப்புகள் ஓடும். ஆச்சா இதற்குப் பேர்போனது. அவசரமாக வெயிலில் காய வைத்தால் பாழ். நிழலில், முனைகளை அடைத்து, அடுக்கி வைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தும் நம்ப முடியாது. குடைந்த பிறகு, உள்ளிருந்த இறுக்கம் தளர்ந்து குழல் சற்றே வளையலாம். உள்துளை வட்டமாயிருந்தது முட்டை வடிவாகலாம். ஒரு கதவுச் சட்டத்துக்கு இது பெரிய குற்றமில்லை. நாகசுரத்துக்கு இது மரணம். காரணம், அதன் உட்குழல் ஒரே அகலமுள்ள துளை அன்று; வாய்ப்புறம் குறுகி அணைசுப்புறம் விரியும் கூம்பு. அந்தக் கூம்பின் அளவே சுருதி. விரல் வைக்கும் 7 துளைகளும், கீழே மெழுகிட்டுச் சரிசெய்யும் 5 துளைகளும் அந்தக் கூம்பை நம்பியே இடப்படுகின்றன. கூம்பு அசைந்தால் சுரம் அசையும்.

ஆகவேதான் நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் புதிய ஆச்சாவை நாடுவதில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண், உத்தரம், நிலை, விட்டம் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். எழுபது, எண்பது ஆண்டு, அதற்கு மேலும் கூரையின் கீழே நின்ற மரம். அடுப்புப் புகையும் ஐப்பசி மழையும் பங்குனி வெயிலும் மாறி மாறிப் பார்த்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, வெடிக்க வேண்டிய இடத்தில் வெடித்து முடித்துவிட்ட மரம். அதில் வெடிப்பு இல்லாத பகுதியாக ஒரு நீளத் துண்டு தேடி எடுக்க வேண்டும். பழைய ஆணிகள் உள்ளே புதைந்திருக்கும். வாளின் பல் அதில் பட்டால் அன்றைய வேலை முடிந்தது. துவர்ப்புள்ள மரத்தில் இரும்பு கிடந்தால் சுற்றிலும் கருநீலக் கறை ஊறியிருக்கும் என்பது தச்சருக்குத் தெரிந்த குறி. கறை கண்ட இடத்தில் ஆணி இருக்கும் என்று வாளை நகர்த்திக்கொள்வார்கள். ஒரு தூணிலிருந்து எத்தனை குழல் தேறும் என்பது தூணை அறுத்த பிறகே தெரியும்.

பிறகு கடைசல். அன்று கயிறு சுற்றி ஒருவர் மாற்றி மாற்றி இழுக்க, இன்னொருவர் உளி பிடித்துக் கடைவது. இன்று மின்விசை. கயிறு இழுத்த கை விடுதலை பெற்றது நல்லதே. பழைமையின் பெயரால் அதை மீண்டும் இழுக்கச் சொல்லும் ரசனை எங்களுக்கு இல்லை. ஆனால் உட்குழலைக் குடையும் வேலையில் மின்விசை பாதி தூரமே உதவும். நீண்ட மெல்லிய துரப்பணம் நாரின் பின்னலில் பட்டுச் சறுக்கி நடுக்கோட்டை விட்டு விலகப் பார்க்கும். சிறு துளையில் தொடங்கிப் படிப்படியாக அகலப்படுத்த வேண்டும். இடையிடையே நிறுத்தி, துகளை அகற்றி, சூடு ஆற விட வேண்டும். கடைசியில் சுருதி கூட்டுவது முழுக்கக் காதின் வேலை. சீவாளியை வைத்து ஊதிப் பார்த்துத் துளையைச் சற்றே அகலப்படுத்துவது, ஓரத்தைத் தேய்ப்பது, மறுபடி ஊதுவது. மேடையேறாத இந்த மனிதருக்குச் சுரஞானம் இல்லையென்றால் மேடையேறியவரின் ஞானம் வெளிப்பட வழியில்லை. இவரை இசைக்கலைஞர் என்று எந்தச் சபாவும் அழைப்பதில்லை என்பது வேறு கதை.

இங்கே ஒரு கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ஆச்சாதான் வேண்டுமா? வேறு மரத்தில் செய்தால் என்ன கெட்டுப்போகும்? "ஆச்சாவின் நாதமே தனி" என்று பதில் சொல்லிவிட்டுப் போவது எளிது. எங்களுக்கு அதில் முழுத் திருப்தியில்லை. ஊதுகருவிகளில் ஒலிப்பது மரம் அன்று, உள்ளே அடைபட்ட காற்றுத்தூண். 1971இல் ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் ஒரே உள்ளளவில் புல்லாங்குழல்கள் செய்து, வாசிப்பவரும் கேட்பவரும் எது எதுவென்று காணமுடியாதபடி மறைத்துச் சோதித்தார். யாராலும் வேறுபடுத்திச் சொல்ல இயலவில்லை. அவ்வளவு தூரம் ஏன், கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலிலே கல்லால் செய்த நாகசுரம் ஒன்று இருக்கிறது. கல்லும் ஊதினால் பேசுகிறது! ஆகவே ஆச்சாவின் பெருமை அதன் நாதத்தில் ஏதோ மந்திரம் கலந்திருப்பதால் வந்ததென்று நாங்கள் நம்பவில்லை.

ஆனால் இந்த முடிவிலிருந்து "எந்த மரமாயினும் சரி" என்று தாவுவோரிடமும் எங்களுக்கு உடன்பாடில்லை. நாகசுரம் கண்ணாடிப் பேழையில் இருக்கும் கருவி அன்று. புறப்பாட்டில் பனியில் நிற்கும், தேரோட்டத்தில் உச்சி வெயிலில் நிற்கும். வாசிப்பவரின் மூச்சு வெதுவெதுப்பாக, ஈரமாக, மணிக்கணக்கில் உட்குழலில் பாயும். உட்புறம் நனைந்து உப்பும், வெளிப்புறம் காய்ந்து இறுகும். மென்மரமானால் சில திருவிழாக்களிலேயே கூம்பு குலையும், அல்லது குழல் வெடிக்கும். ஆச்சா அடர்த்தியானது, நீரை எளிதில் உறிஞ்சாது, கடைந்த உட்புறம் கண்ணாடி போல வழவழப்பாகி அப்படியே நிற்கிறது. அதன் சிறப்பு நாதத்தை உண்டாக்குவதில் இல்லை, ஆசாரி உண்டாக்கிய நாதத்தைக் கெடாமல் காப்பதில் இருக்கிறது. இப்படிச் சொல்வது மரத்தின் மதிப்பைக் குறைப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. வேங்கை, கருங்காலி என்று மாற்று மரங்களில் ஆசாரிகள் சோதனை செய்தால் வரவேற்கவே வேண்டும். ஆனால் அந்தச் சோதனைக்கான செலவையும், தோல்வியடைந்த குழல்களின் நட்டத்தையும் யார் ஏற்பது? ஒரு பட்டறைக்காரர் தம் கைப்பணத்தில் செய்ய வேண்டிய ஆராய்ச்சியா இது?

புவிசார் குறியீட்டில் எங்களுக்குள்ள மனக்குறையும் இங்கேதான் பிறக்கிறது. குறியீடு கிடைத்ததைக் குறைத்துப் பேசவில்லை. ஊரின் பெயருக்கு ஒரு காப்பு கிடைத்தது நல்லதே. ஆனால் அந்தக் குறியீட்டின் அடிப்படை இரண்டு: அவ்வூரின் கைத்திறன் ஒன்று, ஆச்சா மற்றொன்று. பெயருக்குக் காப்புச் செய்த சட்டம் மரத்துக்கு ஏதும் செய்யவில்லை. இன்ன மரத்தால் ஆனது என்று முத்திரையிட்டு, அந்த மரம் எங்கிருந்து வரும் என்பதைத் தற்செயலுக்கு விட்டிருக்கிறோம். தற்செயல் என்றால், டெல்டாவில் எந்தத் தெருவில் எந்த வீடு இடிகிறது என்பது.

இதில் நம்மைப் போன்ற ரசிகர்களின் நிலை கொஞ்சம் கேலிக்குரியதுதான். பழைய வீடுகளை இடிக்காதீர்கள் என்று கட்டுரை எழுதுகிறவர்கள் நாம். செட்டிநாட்டு வீடுகளின் தூண்கள் காரைக்குடிக் கடைகளில் விலைக்கு நிற்பதைப் படமெடுத்து வருந்துகிறவர்களும் நாமே. அதே மூச்சில் நாகசுரம் வாழ வேண்டும் என்கிறோம். ஆனால் நாகசுரம் இன்று வாழ்வது இடிந்த வீடுகளால். முற்றமும் திண்ணையும் உடைய வீடு ஒன்று விழும்போது ஒரு குழல் பிறக்கிறது. நரசிங்கம்பேட்டையின் கச்சாப்பொருள் டெல்டாவின் சிதைவு என்று சொன்னால் அது கடுஞ்சொல்லாகாது. சிதைவுக்கும் ஓர் எல்லை உண்டு. இனி இடியப்போவது சிமெண்டு வீடுகள். அவற்றில் உத்தரம் ஏது, தூண் ஏது? எங்கள் பாரிவாக்கத்தில் இன்று எழும் அடுக்ககம் எண்பது ஆண்டு கழித்து இடிபடும்போது, அதிலிருந்து ஒரு சீவாளி செருகும் அளவுக்குக்கூட மரம் கிடைக்காது.

இலக்கிய வாசகர்களிடம் இன்னொரு குறையும் சொல்லியாக வேண்டும். நாகசுரம் நம் புனைகதைக்குப் புதிதன்று. கொத்தமங்கலம் சுப்புவின் தில்லானா மோகனாம்பாள் இருக்கிறது. தி. ஜானகிராமனின் 'செய்தி' இருக்கிறது. அந்தச் சிறுகதையை வாசித்தபின் நாகசுரத்தை முன்போல் கேட்க முடியாது என்பது எங்கள் அனுபவம். இவற்றிலெல்லாம் நம் நினைவில் தங்குபவர் வித்வானே. குழலைச் செய்தவர் நினைவில் இல்லை. மரங்கள் அழிவதைப் பற்றி நம்மிடம் பெரும் நாவலே உண்டு: 1969இல் வந்த சா. கந்தசாமியின் சாயாவனம், அதே காவிரிப் பகுதியில் ஒரு தோட்டம் கரும்பாலைக்காக எரிவதைச் சொல்கிறது. மரத்தைப் பற்றி எழுதினோம், இசையைப் பற்றியும் எழுதினோம்; இரண்டும் சேரும் இடத்தில் குந்தியிருக்கும் மனிதரைப் பார்க்கவில்லை. மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். தோலைத் தொடுபவரின் சாதி, மேடையிலிருப்பவரின் சாதி என்ற கேள்வியை அது முன்வைத்ததால் சர்ச்சையும் எழுந்தது. நாகசுரம் செய்வோரைப் பற்றி அத்தகைய நூல் தமிழில் வர வேண்டும். ஆங்கிலத்தில் வந்து பிறகு தமிழாக்கப்பட வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

வெளிநாட்டில் இதே சிக்கல் எப்படிக் கையாளப்படுகிறது என்று பார்ப்பதும் பயன் தரும். கிளாரினெட், ஓபோ ஆகியவற்றின் உடல் ஆப்பிரிக்கக் கருமரத்தால் ஆவது. தான்சானியாவில் அதற்கு இம்பிங்கோ என்று பெயர். அதுவும் நீரில் மூழ்கும், அதுவும் மெல்ல வளரும், அதையும் கடைவது கடினம். ஆச்சாவின் தூரத்து அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மரம் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும், நம் ஈட்டி மரம் உட்பட, 2017 சனவரி முதல் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் வந்தது. இசைக்கருவி செய்வோர் உலகெங்கும் குரல் எழுப்பினார்கள். செய்து முடித்த கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கிடைத்தது. நமக்கு இதில் கவனிக்க வேண்டியது சட்டத்தின் நுணுக்கம் அன்று. ஒரு கருவியின் எதிர்காலம் ஒரு மரத்தின் எதிர்காலம் என்பதை அங்கே வாசிப்பவரும் செய்பவரும் விற்பவரும் ஒருசேர உணர்ந்து உலக மன்றத்தில் பேசினார்கள். நம் வித்வான்கள் ஆச்சாவுக்காக ஒரு தீர்மானம் போட்டதாகக் கேட்டதுண்டா?

செய்யக்கூடியவை வானத்தை வில்லாக வளைப்பவை அல்ல. பழைய அரசுக் கட்டடங்கள், சத்திரங்கள், மடங்களின் கட்டடங்கள் இடிக்கப்படும்போது மரம் மொத்தமாக ஏலம் போகிறது. ஏலம் எடுப்பவருக்குத் தேக்கு தெரியும். ஆச்சா தெரியாது, தெரிந்தாலும் வேண்டாம். அறுப்பது கடினம், ஆணி இறங்காது, கதவுக்கு ஆகாது. கனமான மரம் நின்று எரியும் என்று அது அடுப்புக்கும் சூளைக்கும் போவதுண்டு. ஏலத்துக்கு முன் ஒரு தச்சரை அழைத்துக் காட்டி, ஆச்சாத் துண்டுகளைப் பிரித்து, கருவி செய்வோருக்கு நியாய விலையில் ஒதுக்க ஓர் அரசாணை போதும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். அந்த மரம் இன்னும் இருக்கும்போதே செய்ய வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

மற்றது நடுவது. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலப் பரப்பில் ஏறத்தாழ 24 விழுக்காடாக இருந்த காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த வேண்டுமென்று இலக்கு வைத்திருக்கிறது. பரப்பை மட்டுமே அளந்தால் விரைந்து வளரும் மரமே வெல்லும். அந்த இலக்கில் ஒரு சிறு கூறு, சேலம், தருமபுரிப் பக்கத்து மேட்டு நிலங்களில் ஆச்சாவுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. பையில் வளர்த்த கன்றைவிட, விதை பெருகும் ஆண்டு பார்த்து நேரே நிலத்தில் விதைப்பதே இதன் வேருக்கு உகந்தது என்று படுகிறது. ஆடு மாடு வாய் வைக்காமல் முதற் சில ஆண்டுகள் காக்க வேண்டும். தழையின் சுவை யானைக்கு மட்டும் தெரிந்ததன்று. இன்று விதைப்பதைக் கடைபவர் நம் பேரப்பிள்ளைகளின் காலத்தவர். எந்த அமைச்சரும் அதை வெட்டித் திறந்துவைக்கப் போவதில்லை, ஆகவே அரசாங்கம் மட்டும் செய்யும் என்று எதிர்பார்ப்பதும் வெகுளித்தனம். கோயில் நிலங்கள் இருக்கின்றன. திருமடங்கள் இருக்கின்றன. நாகசுரத்தை நாள்தோறும் பூசைக்கு வாசிக்கச் செய்யும் அந்த நிறுவனங்களுக்கு இந்த மரத்தின் மேல் நம்மைவிட அதிகக் கடமை உண்டு.

டெல்டாவில் பிறந்து, எங்களைப் போலச் சென்னையின் மேற்கே வந்து குடியேறிய வாசகர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். உங்களில் சிலருக்கு ஊரில் ஒரு பூட்டிய வீடு இருக்கலாம். பாகப்பிரிவினை முடிந்து, இடிப்பதென்று பேச்சும் முடிந்திருக்கலாம். கூடத்துத் தூண் ஒன்றில் ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். எளிதில் கீறல் விழாமல், உள்ளே கருஞ்சிவப்பாக இருந்து, தட்டினால் இரும்பு போல் குரல் கொடுத்தால், மரக்கடைக்காரரிடம் விலை பேசுவதற்கு முன் நரசிங்கம்பேட்டைக்கு ஒருமுறை போய் வாருங்கள்.